இரண்டு விரல் தாராளம்

1934 ஜனவரி முதல் தேதி நிலவரப்படி, புதுச்சேரியில் வீட்டிலேயே தே.எஸ்.எப். கட்டிக்கொண்டவர்கள் எனக்குத் தெரிந்து ஒன்பது பேர். ரேடியோவை அப்போது நாங்கள் பிரெஞ்சுக்காரர்கள் சொல்கிறபடி தே.எஸ்.எப். என்றுதான் சொல்லுவோம். ஒன்பது பேரும் பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்து, கம்பியும் சுருளும் லாம்பு என்கிற வால்வும் வாங்கி யந்திரத்தைக் கட்டி முடித்துவிட்டார்கள். அதை வைக்கப் பெட்டி கிடைக்காமல்தான் ஒன்பது பேரும் திண்டாடினார்கள். ஒருவர் மண்ணெண்ணெய் டின் வந்த கள்ளிப்பெட்டியில் வைத்திருந்தார். ஒருவர் தையல் மிஷின் மூடியைக் கவிழ்த்து மூடியிருந்தார். இன்னொருவர் எதிலும் வைக்காமல் மேஜைமேல் போட்டிருந்ததில் பல்லி விழுந்து, பல்லியும் போயிற்று, இரண்டு லாம்பும் போயின.

1939 டிசம்பரில் கணக்கெடுத்தபோது, நன்றாகச் செய்த மரப்பெட்டியில் வைத்த, வீட்டிலேயே கட்டிய தே.எஸ்.எப். இருபத்தாறு இருந்தன. இருபத்தாறு பெட்டியையும் செய்தவர் ஒரே ஆள். அவர் பெயர் தனிஸ்லாஸ். அதுவரை அவர் செய்துவந்தது சவப்பெட்டி.

தனிஸ்லாஸ் பிறந்தது 1896 நவம்பர் 2, திங்கட்கிழமை. அன்று கல்லறைத் திருநாள். அவருடைய அப்பாவும் அதே தொழில்தான். உப்பளம் கல்லறைக்குப் போகும் பாதையில், இரண்டு கதவு வைத்த ஓட்டுக் கட்டடம் அவர்கள் பட்டறை. பெயர்ப்பலகை கிடையாது. தேவைப்படுகிறவர்களுக்கு வழி தெரியும், தேவைப்படாதவர்கள் அந்தப் பக்கம் பார்க்காமல் போவார்கள். நான் நகரசபை அலுவலகமான மேரியில், பிறப்பு இறப்பு திருமணம் பதிகிற எத்தா சிவில் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தேன். ஒரு வீட்டில் சாவு நடந்தால் என்னிடமும் வரவேண்டும், அவரிடமும் போகவேண்டும். இப்படித்தான் எங்களுக்குள் பழக்கம்.

நல்ல வேலைக்காரர். மூட்டு தெரியாமல் பலகையைச் சேர்ப்பார். ஆனால் உயிரோடு இருக்கிறவர்கள் யாரும் அவரிடம் ஒரு முக்காலி கூட வாங்கியதில்லை. 1926இல் தேக்கில் ஓர் அலமாரி செய்து பட்டறை வாசலில் நிறுத்தினார். நாலு வருஷம் நின்றது. பார்த்தவர்கள் பாராட்டினார்கள். யார் செய்தது என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டினார்கள். கடைசியில் அதை உள்ளே இழுத்துப்போட்டு ஆணி வைத்துக்கொண்டார். சாரம் கிராமத்தில் இருந்த தன் அக்கா ஸ்டெல்லாமேரிக்கு ஒரு பெஞ்சு செய்து கொடுத்தார். அக்கா மறுக்கவில்லை, வாங்கி மாட்டுக் கொட்டகையில் போட்டுக்கொண்டாள்.

"கோவமா இருக்கா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"கோவம் என்னா, முசியே. என் கைவேல ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு, ஜனங்க பொழங்கற வூட்ல நடுக்கூடத்துல நிக்கணும். அதுக்கு மேல எனக்கு ஆசையில்ல" என்றார்.

அதற்கு வழி பிறந்தது நாராயணசாமியால். அவர் மின்சாரக் கம்பெனியில் கம்பி வேலை பார்த்துவந்தார். ஈஸ்வரன் கோயில் வீதியில் வீடு. நான் மேலே சொன்ன ஒன்பது பேரில், கள்ளிப்பெட்டிக்காரர் அவர்தான். அவருடைய தே.எஸ்.எப்.பில் ஒரு கோளாறு இருந்தது. சத்தத்தைப் பாதிக்கு மேல் கூட்டினால் பாட்டு, பேச்சு எல்லாம் போய், "ஊ" என்று ஒரு நீண்ட ஊளை மட்டும் வரும். சுருளை மாற்றினார். லாம்பை மாற்றினார். ஊளை போகவில்லை. அவர் மனைவி தையல்நாயகிக்கு இது பெரிய வேதனை. நாய் ஊளையிட்டாலே எந்த வீட்டில் சாவோ என்று பயப்படுகிற தெருவில், தன் வீட்டுக்குள்ளேயே தினம் சாயங்காலம் ஒன்று ஊளையிட்டால் எந்தப் பெண் பொறுப்பாள்? அதற்கு "ஊளைப் பெட்டி" என்று பேர் வைத்திருந்தாள்.

நல்ல பெட்டியில் வைத்தால் ஊளை நின்றுவிடும் என்று நாராயணசாமி நம்பினார். ஏன் நிற்கும் என்பது அவருக்கே தெரியாது. ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில் வந்த படத்தை வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தார். அதிலிருந்த பெட்டியின் மேல்பக்கம் மாதா கோவில் ஜன்னல்போல வில்லாக வளைந்திருந்தது. அந்த வளைவு இல்லாமல் வேண்டவே வேண்டாம் என்று நின்றார். மூன்று தச்சர்களிடம் போனார். முதல் தச்சர் படத்தைப் பார்த்துவிட்டு, "மரம் என்ன வாழை மட்டையா, வளைக்கறதுக்கு?" என்று கேட்டார். இரண்டாமவர் மேலே தட்டையாக இருந்தால் பூந்தொட்டி வைக்கலாமே என்றார். மூன்றாமவர் ஒரே கட்டையைக் குடைந்து கொடுத்தார். தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது, எட்டாம் நாள் பிளந்துகொண்டது.

1934 மே 29ஆம் தேதி, வீதி முனையிலிருந்த வாசகசாலையில் என்னிடம் இதையெல்லாம் சொல்லிப் புலம்பினார்.

"பலகைய வளைக்கிற ஆள் ஒருத்தர் இருக்கார்" என்றேன்.

"யாரு?"

"தனிஸ்லாஸ்."

"எந்த தனிஸ்லாஸ்? உப்பளத்துல... அவரா?"

"அவர்தான். அவர் பெட்டியில தோள்பட்டை வர்ற எடத்துல பலகை வளைஞ்சு போகுது, பாத்ததில்ல?"

"பாத்திருக்கேன். எங்க மேஸ்திரி போனப்ப." படத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு, "வூட்ல மட்டும் சொல்லிடாதீங்க" என்றார்.

நான் சொல்லவில்லை. அது என் தப்பு என்று பிற்பாடு ஒப்புக்கொண்டேன்.

மறுநாள் இருவருமாகப் பட்டறைக்குப் போனோம். தனிஸ்லாஸ் படத்தை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, விரலால் அந்த வளைவை இரண்டு தடவை தடவிப் பார்த்தார்.

"உள்ளார என்னா வெப்பீங்க?"

"யந்திரம். பாரிசு பேசும், சைகோன் பாடும்" என்றார் நாராயணசாமி.

"பேசுமா?" தனிஸ்லாஸ் முகத்தில் சிரிப்பே இல்லை. "இதுவரைக்கும் என் பொட்டிக்குள்ள போனது எதுவும் பேசினதில்ல."

நாராயணசாமி சிரித்துச் சிரித்து இழைப்புச் சுருள்மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் சிரித்து முடிக்கிறவரை தனிஸ்லாஸ் காத்திருந்தார்.

"செய்றேன். எங்க வெப்பீங்க?"

"நடுக்கூடத்துல."

"நடுக்கூடத்துல வெக்கணும். யாரு செஞ்சதுன்னு கேட்டா என் பேர சொல்லணும். ரெண்டுத்துக்கும் சரின்னா செய்றேன். மத்ததெல்லாம் உங்க இஷ்டம்."

"சரி" என்றார் நாராயணசாமி. வீட்டில் கேட்காமல் கொடுத்த வார்த்தை அது. யந்திரம் ஏறியிருந்த அலுமினியத் தட்டின் அளவை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அகலம் முப்பத்திரண்டு சென்டிமீட்டர், ஆழம் இருபத்தொன்று. தட்டையே கொண்டுபோய்க் காட்டியிருக்கலாம். லாம்பு ஆடினால் உடைந்துவிடும் என்ற பயத்தில் கொண்டுபோகவில்லை.

ஜூன் 4, திங்கட்கிழமை வேலை தொடங்கியது. மேல்வளைவுக்கு எடுத்த தேக்குப் பலகை ஒரு சென்டிமீட்டர் கனம். அதன் உட்பக்கத்தில் குறுக்குவாட்டாக ரம்பத்தால் வரிவரியாக அறுத்துக்கொண்டே போகவேண்டும். முக்கால் கனம் அறுபடவேண்டும், கால் கனம் நிற்கவேண்டும். ஒரு வரி ஆழம் கூடினால் பலகை அங்கே ஒடியும், குறைந்தால் அங்கே வளையாமல் முட்டி நிற்கும். பிறகு வெந்நீரில் நனைத்த சாக்கைச் சுற்றி, ஊறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்த வேண்டும். சவப்பெட்டிக்குத் தோள் பக்கத்தில் ஆறு வரி போதும். இதற்கு முப்பத்தொன்று. முதல் பலகை ஜூன் 9ஆம் தேதி இருபத்திரண்டாவது வரியில் ஒடிந்தது. தனிஸ்லாஸ் வெளியே போய், முகம் கழுவிக்கொண்டு வந்து, அடுத்த பலகையில் கோடு போட்டார். ஜூன் 16ஆம் தேதி மத்தியானம் இரண்டாவது பலகை வில்லாக வளைந்து நின்றது. அன்று அவர் கல்லறைப் பக்கத்துக் கதவைச் சாத்திவிட்டு, தெருப் பக்கத்துக் கதவை மட்டும் திறந்து வைத்திருந்ததைப் பார்த்தேன். போகிற வருகிற எல்லாரும் பார்க்கட்டும் என்றுதான் வைத்திருந்தார்.

ஒலிபெருக்கிக்கு முன்னால் வட்டத்துளை போட்டு, அதில் ஐந்து மெல்லிய குச்சிகள் இறக்கி, உட்பக்கம் சன்னமான கதர்த் துணி ஒட்டினார். ஜூலை 11ஆம் தேதி அரக்கு பாலிஷ் கடைசிப் பூச்சு முடிந்தது. நான் இதுவரை பார்த்த மரச்சாமான்களில் அவ்வளவு அழகானது இரண்டோ மூன்றோதான் இருக்கும்.

வாசகசாலையின் காரியதரிசி சக்கரபாணி, ஜூலை பதினாலாம் தேதி பிரெஞ்சுக் குடியரசு விழாவன்று நாராயணசாமியின் தே.எஸ்.எப். வாசகசாலையில் பாடும் என்று முன்கூட்டியே தட்டி எழுதி வைத்துவிட்டார். அதற்கு முன் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து யந்திரத்தைப் பொருத்திவிடலாம் என்பது ஏற்பாடு. 12ஆம் தேதி, வியாழக்கிழமை காலை, தனிஸ்லாஸ் பெட்டியைக் கொண்டுவந்தார்.

எதில் கொண்டுவந்தார் என்பதுதான் விஷயம். அவரிடம் ஒரு தள்ளுவண்டி உண்டு. வில்பட்டை வைத்தது, குலுங்காது. ஊரில் அதைவிடப் பதமான வண்டி கிடையாது. ஏனென்றால் அது எதற்காகச் செய்த வண்டியோ, அதில் குலுக்கல் இருக்கக் கூடாது. பாலிஷ் சரியாகக் காயவில்லை, தூசி ஒட்டும் என்று பெட்டியின்மேல் துணி போட்டு மூடினார். அவரிடம் இருந்தது ஒரே துணி. கறுப்பு. அதன் ஓரத்தில் வெள்ளைச் சரிகை.

நாராயணசாமியும் நானும் வண்டியோடு நடந்து வந்தோம். நாங்கள் யாரும் இதை யோசிக்கவில்லை. வழியில் ஒரு கூடைக்காரி கூடையை இறக்கிவைத்துவிட்டு ஒதுங்கினாள். தெருமுனை சிப்பாய் தொப்பியில் கை வைத்தான். அப்போதுகூட எங்களுக்கு உறைக்கவில்லை. ஈஸ்வரன் கோயில் வீதியில் வண்டி திரும்பி நாராயணசாமி வீட்டு வாசலில் நின்றதும், எதிர்வீட்டுச் செல்வாம்பாள் தலைமுடியை அவிழ்த்துக்கொண்டே ஓடிவந்தாள்.

"தையலு, என்னாடி ஆச்சு? யாருடி? அவருக்கா?"

"அவரு இதோ நிக்கறாரே, அக்கா" என்றாள் வாசலுக்கு வந்த தையல்நாயகி.

செல்வாம்பாள் நாராயணசாமியை மேலும் கீழும் பார்த்தாள். "பின்ன அந்தப் பொட்டி யாருக்கு?"

தையல்நாயகி வண்டியைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள், தனிஸ்லாஸைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"இந்தாங்க, உங்களத்தான். ஒரு வருஷமா அது நாயாட்டம் ஊளையிடறத பொறுத்துக்கிட்டேன். இப்ப அதுக்கு இவரு கையால பொட்டியும் செஞ்சு, இந்த வண்டியில வெச்சு, ஊரெல்லாம் காட்டிக்கிட்டு வந்திருக்கீங்க. அக்கா தலைய அவுத்துட்டு ஓடியாறாங்க. இது இந்த வாசப்படிய தாண்டக் கூடாது. தாண்டினா நான் எங்க அப்பா வூட்டுக்குப் போறேன்."

"தையலு, அது வந்து..."

"வந்தும் இல்ல, போயும் இல்ல."

தனிஸ்லாஸ் முதல் முறையாகப் பேசினார். "பாலிஷ் காயல, அம்மா. தூசு படக்கூடாதுன்னு மூடினேன்."

தையல்நாயகி கதவைச் சாத்திக்கொண்டாள். செல்வாம்பாள் முடியைத் திரும்ப முடிந்துகொண்டு போனாள்.

வண்டியை வாசகசாலைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். வேறு போக்கிடம் இல்லை. பெட்டியை மேஜைமேல் இறக்கிவைத்ததும் தனிஸ்லாஸ் கறுப்புத் துணியை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அவங்க சொன்னது தப்பில்ல. வேற எந்த வூட்டுக்குப் போனாலும் இதயேதான் சொல்வாங்க" என்றார். "சனிக்கெழம ஆட்டம் முடிஞ்சதும் பொட்டிய எங்கிட்டயே அனுப்பிடுங்க. நீங்க குடுத்த வார்த்தைய நான் கேக்க மாட்டேன்."

நாராயணசாமி அன்று முழுவதும் யாரோடும் பேசவில்லை. வீட்டிலும் பேசவில்லை என்று பிற்பாடு தெரிந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு, யந்திரத் தட்டைத் துணியில் சுற்றி, குழந்தையைத் தூக்கிவருவதுபோலத் தூக்கிக்கொண்டு வந்தார். பெட்டிக்குள் இறக்கினார். தட்டு உள்ளே போய் ஒரு மூலையில் சாய்ந்து நின்றது. மற்றப் பக்கமெல்லாம் வெறும் இடம். அளவு பார்த்தேன். முப்பத்திரண்டு இருக்கவேண்டிய அகலம் முப்பத்தொன்பது. இருபத்தொன்று இருக்கவேண்டிய ஆழம் இருபத்தெட்டு. குமிழ் வெளியே வரும் துளைகள் கூட ஒரு விரல் நுழையும் அளவுக்கு இருந்தன.

தனிஸ்லாஸை ஆள் அனுப்பி வரவழைத்தோம்.

"அளவு எழுதிக் குடுத்தேனே, தனிஸ்லாஸு."

"பாத்துதான் போட்டேன். அதுக்கு மேல சுத்தி ரெண்டு விரல் தாராளம் வெச்சேன்."

"எதுக்கு?"

அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "எதுக்குன்னா? எல்லாப் பொட்டிக்கும் வெக்கறதுதான். கை வழக்கம்."

"யோவ், உள்ள போறது பொணமாய்யா? யந்திரம்!" நாராயணசாமி இரண்டு நாள் அடக்கிவைத்திருந்ததெல்லாம் அதில் வந்துவிட்டது. சொன்ன உடனே தலையைக் குனிந்துகொண்டார்.

தனிஸ்லாஸ் பெட்டிக்குள் தன் கையை விட்டார். தட்டுக்கும் பலகைக்கும் நடுவில் இரண்டு விரல் சரியாக நின்றது. கையை வெளியே எடுத்தார். ஒடிந்த பலகையைப் பார்த்தபோது கூட அவர் முகம் இப்படி வாடவில்லை. அடுத்த நாள் ஊர் முழுக்க வரப்போகிறது. வேறு பெட்டி செய்ய ஒரு மாதம் வேண்டும். ஒரே ஒரு தடவை கிடைத்த வாய்ப்பை, பதினெட்டு வயதிலிருந்து பழகிய கையே கெடுத்துவிட்டதாக அவர் நினைத்தார் என்று எனக்குத் தோன்றியது.

"ஆடாம ஏதாவது முட்டு குடுங்க" என்றார் சக்கரபாணி. "தட்டி வேற வெச்சுட்டேன். நாளைக்கு கள்ளிப்பெட்டியில வெச்சா சிரிப்பாங்க."

மரத்தால் முட்டுக் கொடுக்க நேரமில்லை. எதிரே முருகையனின் சைக்கிள் கடை. அவரிடம் இரண்டு பழைய டியூபை வாங்கி வந்தோம். தனிஸ்லாஸே அதைத் துண்டு போட்டு, மடித்து மடித்து, தட்டின் நாலு மூலையிலும் அடியிலும் பக்கத்திலும் சொருகினார். பெட்டியின் மரம் எங்கேயும் தட்டில் படவில்லை. கையால் அழுத்தினால் தட்டு மெத்தைமேல் இருப்பதுபோலக் கொஞ்சம் அமிழ்ந்து எழுந்தது. பெரிய குமிழாகத் தேடி மாட்டியதில் துளையின் தாராளமும் மறைந்துபோயிற்று.

ஆறே முக்காலுக்கு நாராயணசாமி மின்சாரம் கொடுத்தார். லாம்பு சூடாகும் வரை காத்திருந்தோம். முதலில் இரைச்சல், பிறகு யாரோ ஒருவர் பிரெஞ்சில் செய்தி வாசிக்கிற குரல். நாராயணசாமி சத்தக் குமிழை மெதுவாகத் திருப்பினார். பாதிக்கு வந்ததும் வழக்கம்போல முகத்தைச் சுளித்துக்கொண்டு கையை நிறுத்தினார். ஊளை வரவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினார். வரவில்லை. முக்கால். வரவில்லை. கடைசிவரை திருப்பினார். செய்தி வாசிக்கிறவர் வாசகசாலை நடுவில் நின்று கத்துவதுபோல இருந்தது. முருகையன் கையில் சைக்கிள் சக்கரத்தோடு கடையிலிருந்து ஓடிவந்தார்.

நாராயணசாமி குமிழைக் கீழே இறக்கினார், ஏற்றினார், இறக்கினார். பிறகு பெட்டிக்குள் கையை விட்டு, டியூபுத் துண்டில் இரண்டை உருவி, அங்கே ஒரு மரச்சில்லை, யந்திரத் தட்டும் பலகையும் ஒட்டும்படி, இறுக்கமாகச் சொருகினார். சத்தத்தைக் கூட்டினார். "ஊ" என்று வந்தது. மரச்சில்லை எடுத்துவிட்டு டியூபை வைத்தார். ஊளை நின்றது. இதே மாதிரி மூன்று தடவை செய்து பார்த்தார். நானும் மூன்று தடவையும் குறித்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். ஒலிபெருக்கி சத்தம் போடும்போது பெட்டியின் மரம் அதிர்கிறது. மரத்தோடு தட்டு ஒட்டியிருந்தால் தட்டும் அதிர்கிறது. தட்டின்மேல் இருக்கும் லாம்பின் உள்ளே மயிரிழைக் கம்பி அதிர்கிறது. அந்த அதிர்வு ஒலிபெருக்கிக்கே திரும்பப் போய் இன்னும் பெரிய சத்தமாக வருகிறது. இப்படிச் சுற்றிச் சுற்றி ஊளையாகிவிடுகிறது. கள்ளிப்பெட்டியிலும் குடைந்த கட்டையிலும் தட்டைக் கச்சிதமாக ஆணி வைத்து இறுக்கியிருந்தார். அந்தக் கச்சிதம்தான் கோளாறு.

"தனிஸ்லாஸு" என்றார் நாராயணசாமி. "நீ அளவா செஞ்சிருந்தா நான் டியூபு வெச்சிருக்க மாட்டேன். ஆணிதான் அடிச்சிருப்பேன்."

"அப்ப இது இருக்கலாமா?"

"இருக்கலாமாவா? இனிமே அரை விரல் கொறச்சே, பட்டறைக்கு வந்து சண்ட போடுவேன்."

சனிக்கிழமை, பதினாலாம் தேதி. காலையில் அணிவகுப்பு, கொடி, பீரங்கி எல்லாம் கடற்கரையில் முடிந்து, மாலை ஐந்து மணியிலிருந்தே வாசகசாலை முன்னால் கூட்டம் சேர ஆரம்பித்துவிட்டது. ஆறரைக்கு நான் எண்ணியது தெருவில் நானூற்றுப் பத்து பேர். மாடியிலும் ஜன்னலிலும் இருந்தவர்கள் இதில் சேரவில்லை. சக்கரபாணி பெட்டியை ஜன்னலோரம் தெருவைப் பார்த்து வைத்தார். பாரிசிலிருந்து ராணுவ வாத்தியம் வந்தது. நாராயணசாமி குமிழைக் கடைசிவரை திருப்பிவிட்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். தெருக்கோடியில் பூ விற்கிறவளுக்கும் கேட்டது. பழைய சிப்பாய் ஒருவர் தன்னையறியாமல் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். பாரிசு முடிந்ததும் சைகோனைப் பிடித்தார். இரண்டு மணி நேரத்தில் ஒரு தடவைகூட ஊளை இல்லை.

யார் செய்த பெட்டி என்று சனம் கேட்டபோதெல்லாம், நாராயணசாமி உரக்க, "தனிஸ்லாஸ். உப்பளம்" என்று சொன்னார். சிலர் ஒரு நிமிஷம் பின்வாங்கினார்கள். பிறகு திரும்ப முன்னால் வந்து அந்த வளைவைத் தொட்டுப் பார்த்தார்கள்.

தனிஸ்லாஸ் கூட்டத்துக்கு வெளியே, முருகையன் கடைச் சுவரோரம் நின்றிருந்தார். அவருக்கு நேர் மேலே மாடியில் பெண்கள். அதில் தையல்நாயகியும் செல்வாம்பாளும் இருந்தார்கள். ஒலிபரப்பு முடிந்ததும் தையல்நாயகி படியிறங்கி வந்தாள். மூன்று நாளாகப் பேசாத கணவனைக் கூப்பிட்டாள்.

"இந்தாங்க. சத்தத்த கம்மியாதான வெச்சீங்க?"

"முழுசும் வெச்சேன்."

"பின்ன ஊளை எங்க போச்சு?"

"பொட்டி பெருசு. யந்திரம் மரத்துல படல. அதனால போச்சு."

"பெருசா செய்யணும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எனக்கெங்க தெரியும்? அவரு வெச்சாரு. ரெண்டு விரல் தாராளமாம். வழக்கமாம்."

அவள் தனிஸ்லாஸ் பக்கம் திரும்பினாள். "எதுக்கு அந்த வழக்கம்?"

அவர் தயங்கினார். அந்த இடத்தில், அந்தக் கூட்டத்தில் சொல்லக்கூடிய விஷயமா என்று பார்த்தார். பிறகு சொன்னார்.

"எங்கப்பா ஒரு வாட்டி அளவா செஞ்சுட்டாரு, அம்மா. பத்தல. அவங்க வூட்டு ஜனங்க எல்லாம் சுத்தி நிக்கறாங்க, படுக்க வெக்கறாங்க, தோளு இடிக்குது. அந்தப் புள்ளைங்க மொகத்த அவரால மறக்க முடியல. அதிலேர்ந்து ரெண்டு விரல். கடைசியா படுக்கறவங்களுக்கு நெருக்கடி இருக்கக் கூடாது."

தையல்நாயகி செல்வாம்பாளிடம் பேசுவதுபோல, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "எங்க கல்யாணத்துக்கு பீரோ செஞ்சவன் அரை விரல் கொறச்சுட்டான், அக்கா. பன்னண்டு வருஷமா ஒரு பட்டுப் பொடவைய மடிப்பு கசங்காம வெக்க முடியல. அவன் செஞ்சத நடு வூட்ல வெச்சிருக்கேன்."

"அதுக்கு?" என்றாள் செல்வாம்பாள்.

"அதுக்கு ஒண்ணுமில்ல. நாளைக்கு காலையில பொட்டி செஞ்சவரு மாதா கோயில்ல பூச முடிச்சு வந்ததும் அந்தப் பொட்டிய கொண்டாந்து வெக்கட்டும்." தனிஸ்லாஸைப் பார்த்தாள். "நீங்களே வரணும். அந்தத் துணி மட்டும் வேணாம், சாமி."

ஞாயிறு காலை ஒன்பதே காலுக்குப் பெட்டி அந்த வாசற்படியைத் தாண்டியது. நடுக்கூடத்தில் கிழக்குச் சுவரோரம், பீரோவை ஒரு முழம் நகர்த்தி இடம் செய்திருந்தாள். வைத்ததும் சந்தனமும் குங்குமமும் கொண்டுவந்தாள்.

"பாலிஷ்மேல ஈரம் படக் கூடாது, அம்மா" என்றார் தனிஸ்லாஸ்.

"ஒரு பொட்டுதான். பேசாம இருங்க."

பொட்டு வைத்தாள். தனிஸ்லாஸுக்கு நாற்காலி போட்டுக் காப்பி கொடுத்தாள். அவர் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, அது ஆறுகிற வரை பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுச் செல்வாம்பாள் வந்தாள். பக்கத்து வீட்டார் வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் தையல்நாயகியே, "இவருதான் செஞ்சது" என்று காட்டினாள்.

அதற்குப் பிறகு நடந்ததை ஊர் அறியும். ஆகஸ்டுக்குள் மற்ற எட்டுப் பேரில் ஆறு பேர் உப்பளத்துக்கு வழி கேட்டுக்கொண்டு வந்தார்கள். அடுத்து, புதிதாகக் கட்ட நினைத்தவர்கள் முதலில் பெட்டிக்குச் சொல்லிவிட்டுப் பிறகு லாம்பு வாங்கினார்கள். கல்லூரி ஆசிரியர் அமலநாதன் மில்லிமீட்டர் கணக்கில் படம் வரைந்து அனுப்பி, அதைவிட ஒரு நூல்கூடக் கூடாது என்று எழுதியிருந்தார். தனிஸ்லாஸ் படத்தை மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டார். ஆசிரியர் ஒரு வாரம் கழித்துத் தாமே வந்து, தாராளத்துக்கு ஒப்புக்கொண்டார். சவப்பெட்டி வேலையை தனிஸ்லாஸ் விடவில்லை. அது அவசியமான வேலை, தாம் செய்யாவிட்டால் யாராவது அளவாகச் செய்துவிடுவார்கள் என்பார்.

1936 பிப்ரவரி 13, வியாழக்கிழமை, அவர் மேரிக்கு வந்தார். இரண்டு நாள் முன்பு, லூர்து மாதா திருநாளன்று, நாலாவது குழந்தை பிறந்திருந்தது. பெண். பெர்னதெத் என்று பெயர். நான் பதிவேட்டை விரித்து, சட்டப்படி கேட்கவேண்டியதை ஒவ்வொன்றாகக் கேட்டேன். பெயர், வயது, இருப்பிடம் எல்லாம் எழுதியாயிற்று.

"தொழில்?"

அவருடைய முதல் மூன்று பிள்ளைகளின் பதிவிலும் சவப்பெட்டித் தச்சர் என்றுதான் இருக்கிறது. மூன்றையும் எழுதியது நான்தான்.

"ரெண்டும் செய்றேன், முசியே."

"ஒண்ணு எழுதத்தான் எடம் இருக்கு."

"இவ கல்யாணத்துக்கு இந்தத் தாள எடுத்துப் படிப்பாங்க, இல்ல?"

"படிப்பாங்க. கல்யாணம் பதியற நகரசபைத் தலைவர், மேர், எல்லார் முன்னாடியும் படிப்பார்."

அவர் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அப்ப எபெனிஸ்த்னு எழுதுங்க" என்றார். வீட்டுக்கான உயர்ந்த மரச்சாமான் செய்கிற தச்சருக்குப் பிரெஞ்சில் அதுதான் பெயர். அந்தச் சொல்லை யாரிடமோ கேட்டு, பலதடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார் என்பது உச்சரிப்பிலேயே தெரிந்தது.

நான் எழுதினேன். அதுவரை அவர் கை பதினொரு பெட்டிகளை பதினொரு வீட்டு நடுக்கூடங்களில் நிறுத்தியிருந்தது. ஆகவே அந்தப் பதிவில் பொய் எதுவும் இல்லை. முழுவதையும் உரக்கப் படித்துக் காட்டினேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

பின்னால் மூலக்குளத்திலிருந்து வந்த கொளஞ்சி என்பவர் வெகுநேரமாக நின்றுகொண்டிருந்தார். "ஆச்சுன்னா கொஞ்சம் தள்ளுங்க, பெரியவரே" என்றார்.

"இருப்பா" என்றார் தனிஸ்லாஸ், பதிவேட்டின்மேல் குனிந்து மெல்ல ஊதிக்கொண்டே. "மை காயட்டும்."